கோடு வளையும் இடம்

ஓமாச்சி
2017 அக்டோபர் 3

அக்காவுக்கு,

போனில் கத்தினால் எங்கள் பழைய டிவி கடையில் யாரும் காது கொடுக்க மாட்டார்கள், குறை இருந்தால் எழுதிப் போடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சொந்தத் தம்பிக்கும் அதே சட்டம்தான் என்றால் சரி, எழுதிவிட்டேன். இலையுதிர் காலம், மலையில் சிவப்பு, உடல்நலம் எப்படி என்று கடிதத்துக்கு முகப்பு வைப்பார்களே, அதையெல்லாம் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய பதினான்கு அங்குல டப்பா டிவி வந்து சேர்ந்தது. கட்டி அனுப்பியதில் ஒரு குறையும் இல்லை, குறை படத்தில்தான். கூடவே வைத்திருந்த சோதனை டிவிடி வட்டைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டி வந்தன. பஸ்ஸில் செய்வதுபோலவே விரலை நீட்டி வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். உனக்குத்தான் தெரியுமே, "இடது சரி, வலது சரி, முன்னால் சரி" என்று ஒவ்வொன்றையும் விரலால் காட்டி உரக்கச் சொல்லாமல் டிரைவர்கள் நாங்கள் வண்டியை நகர்த்துவதில்லை. மேலே சரி, கீழே சரி. நடுவுக்கு வந்ததும் வாயில் அந்தச் சொல் வரவில்லை. அங்கே கோடுகள் எல்லாம் உள்ளே இழுபட்டு வளைகின்றன.

இதை எதற்கு வாங்கினேன் என்று உனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் சண்டை போட்டு ஆடிய அந்த விமானச் சுடும் விளையாட்டுக்காகத்தான். என் தட்டை டிவியில் பொத்தானை அழுத்தி, கொட்டாவி விட்டு முடித்த பிறகுதான் விமானம் நகர்கிறது. டப்பா டிவியில்தான் கை சொன்னது உடனே கண்ணுக்குத் தெரியும். அதற்கும் கோடு நேராக இருக்க வேண்டுமல்லவா? உங்கள் கடை வாசலில் 'ஓடினால் உங்கள் அதிர்ஷ்டம்' என்று சீட்டு ஒட்டி ஒரு குவியல் போட்டிருப்பீர்களே, அதிலிருந்து ஒன்றை எடுத்து என் தலையில் கட்டிவிட்டாயா?

பெட்டியை நாளை திருப்பி அனுப்புகிறேன்.

இசாமு


ஒசாகா
அக்டோபர் 8

இசாமுவுக்கு,

பெட்டி வந்தது. உன் கடிதத்தையும் படித்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு நீ எழுதிய முதல் கடிதம் ஒரு புகார்க் கடிதம். வாழ்க.

அந்தப் பதினான்கு அங்குலத்தை நானும் ஹத்தாவும் மறுபடி ஓட்டிப் பார்த்தோம். ஹத்தா எங்கள் கடையில் பழுது பார்ப்பவர், என்னைவிட மூத்தவர், அநாவசியமாக வாய் திறக்காதவர். கோடு நூல் பிடித்ததுபோல இருக்கிறது. உன் வீட்டில் பக்கத்தில் ஒலிபெருக்கி வைத்திருக்கிறாயா? அதன் காந்தம் படத்தை இழுக்கும். அதை நகர்த்திவிட்டுப் பார்.

குவியலில் இருந்து எடுத்தேன் என்று எழுதியிருக்கிறாயே, அது சுருக்கென்று தைத்தது. ஒரு டப்பா டிவியை எப்படித் தேர்ந்தெடுக்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? வருகிறவர்கள் எல்லாம் பெரிய திரையாக, முகம் தட்டையாக இருப்பதைக் கேட்பார்கள். அந்தத் தட்டை முகங்களில்தான் கோடு ஒழுங்காக நிற்காது. ஆகவே உனக்கு முகம் கொஞ்சம் உப்பிய பழைய ரகம்தான் பார்த்தேன். போட்டவுடன் படம் வர வேண்டும், சோம்பி மெல்ல மெல்ல வெளுத்தால் பிக்சர் ட்யூப் களைத்துவிட்டது என்று அர்த்தம். முழுத் திரையும் சிவப்பாக்கிப் பார்ப்பேன், ஓரத்தில் ஊதா படர்ந்தால் வேண்டாம் என்று தள்ளிவிடுவேன். வருஷக்கணக்காக ஒரே சானல் ஓடிய டிவியில் அந்தச் சானலின் எண் மூலையில் தழும்பாக நின்றுவிடும், அதையும் பார்ப்பேன். இவ்வளவும் பார்த்துத்தான் உனக்கு அனுப்பினேன்.

போகட்டும். இன்று இன்னொன்று அனுப்புகிறேன், இருபத்தோரு அங்குலம். ஒரு பல் மருத்துவர் வீட்டு விருந்தினர் அறையில் இருந்தது. அவருக்கு விருந்தினர்களைப் பிடிக்காதாம், அதனால் டிவி அதிகம் ஓடவில்லை. இதைவிட நல்ல பெட்டி இந்த வருஷம் என் கைக்கு வரவில்லை. சோடாபுட்டிக் கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டுப் பார். அப்பா நம் இரண்டு பேருக்கும் விட்டுப்போன ஒரே சொத்து அதுதான்.

மிசாயோ


ஓமாச்சி
அக்டோபர் 16

அக்காவுக்கு,

உன் பல் மருத்துவரின் பெட்டியும் அதே லட்சணம்தான்.

ஒலிபெருக்கியைச் சமையலறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். பெட்டியைத் தெற்கே பார்த்து வைத்தேன், பிறகு கிழக்கே பார்த்து வைத்தேன். அந்தக் கனத்தைத் தனியாகத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது. முதல் பெட்டியில் நடுவில் மட்டும்தான் வளைகிறது என்று நினைத்தேன். இதில் மூலையை உற்றுப் பார்த்தால் மூலையிலும் வளைகிறது. எங்கே பார்த்தாலும் அங்கே வளைகிறது.

விளையாடியும் பார்த்தேன். எதிரி விமானம் விடும் குண்டு திரையின் நடுவில் வந்ததும் காணாமல் போகிறது. என் விமானம் வெடித்த பிறகுதான் அங்கே ஒரு குண்டு இருந்தது என்றே தெரிகிறது. நான் அவ்வளவு மோசமாக ஆடுகிறவன் இல்லை. ஒரு பெட்டி என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இரண்டு பெட்டியிலும் அதே கோளாறு என்றால், பெட்டியைத் தேர்ந்தெடுத்தவளிடம்தான் கோளாறு.

கோபத்தில் எழுதவில்லை அக்கா. எனக்குக் கோடு நேராக இருக்கும் ஒரு பெட்டி வேண்டும். சின்னதோ பெரியதோ, என்ன விலையானாலும் சரி. உங்கள் கடையில் அத்தனை பெட்டிகள் இருக்கின்றன, அதில் ஒன்றாவது நேராக இருக்காதா? தேடிப் பார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று மட்டும் கேட்காதே.

இசாமு


ஒசாகா
அக்டோபர் 21

இசாமுவுக்கு,

இனிமேல் ஒரு பெட்டியும் அனுப்ப மாட்டேன். உன் இடுப்பைப் பற்றி எழுதினாயே, இங்கே அதைக் கட்டித் தூக்கியவர்களுக்கும் இடுப்பு இருக்கிறது.

எந்தப் பெட்டியையும் கடையை விட்டு அனுப்பும் முன் கோட்டுப் படத்தை ஓடவிட்டுப் புகைப்படம் எடுத்து வைப்பது என் வழக்கம். பின்னால் உன்னைப் போன்ற வாடிக்கையாளர்கள் வருவார்கள் அல்லவா, அதற்காக. பல் மருத்துவரின் பெட்டிக்கும் எடுத்தேன். திரைமேல் ஹத்தாவின் இரும்பு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். அதைப் பெரிதாக அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

நன்றாக வெளிச்சத்தில் வைத்துப் பார். எங்கே வளைகிறதோ அங்கே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பு. அதன் பிறகு யாரிடம் கோளாறு என்று பேசலாம்.

மிசாயோ


ஓமாச்சி
அக்டோபர் 27

அக்காவுக்கு,

வட்டம் போட்டு அனுப்பியிருக்கிறேன். மூன்று இடம். இன்னும் போடலாம், படம் பாழாகுமே என்று விட்டுவிட்டேன்.

நீயே உன் வாயால் மாட்டிக்கொண்டாய். ஹத்தாவின் இரும்பு ஸ்கேலைப் பார்த்தாயா? நடுவில் நெளிந்திருக்கிறது. நெளிந்த ஸ்கேலை வைத்து அளந்தால் நெளிந்த கோடும் நேராகத்தான் தெரியும். முதலில் உங்கள் கடைக்கு ஒரு நல்ல ஸ்கேல் வாங்குங்கள்.

இசாமு


ஒசாகா
அக்டோபர் 30

இசாமு,

கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். விளையாட்டு இல்லை, கேலி இல்லை. கடைசி வரை படி.

நீ வட்டம் போட்ட மூன்று இடத்திலும் ஒன்றுமே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அங்கே கோடுகள் நேராக இருக்கின்றன. ஹத்தாவிடம் காட்டினேன். அவர் படத்தையும் உன் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைத்து, ஒட்டிக் கிடக்கிறதா என்று விரலால் தட்டிப் பார்த்தார். "இது வளையலைம்மா," என்றார். ஸ்கேலை என் பக்கம் தள்ளிவிட்டு, "உங்க தம்பி கண்ணை யார்கிட்டயாவது காட்டினாரா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் பெட்டிகளோடு மாரடிக்கிற எனக்கு முதல் கடிதத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். டிவியின் கோளாறு ஒரே இடத்தில் நிற்கும் இசாமு. நீ மூலையைப் பார்த்தால் மூலைக்கும், நடுவைப் பார்த்தால் நடுவுக்கும் கூடவே வராது. பெட்டியிலிருந்து இறங்கிக் காகிதத்துக்கும் வராது.

அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று நினைவிருக்கிறதா? குளியலறைக் கதவின் நிலை கோணிவிட்டது என்று தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் வந்து அளந்து பார்த்து, சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு வேலை தெரியவில்லை என்று இன்னொரு தச்சரைக் கூப்பிட்டார். நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அடுத்த வருஷம் சோயா சாஸைக் கிண்ணத்துக்கு வெளியே ஊற்றினார். அதற்குப் பிறகு நடந்ததை எழுத எனக்குக் கை வரவில்லை.

நீ இப்போது செய்ய வேண்டியது இதுதான். அந்தப் படத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், சுவரில் ஒட்டு. கண்ணாடியைக் கழற்றாதே. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மற்ற கண்ணால் நடுவைப் பார். பிறகு மாற்றிப் பார். எந்தக் கண்ணில் வளைகிறது என்று தெரிந்துவிடும். தெரிந்த மறுநிமிடம் டாக்டரிடம் போ. எந்த வேலை இருந்தாலும் போட்டுவிட்டுப் போ.

நீ பஸ் ஓட்டுகிறாய். அந்த மலைப்பாதையில், பின்னால் அத்தனை பேரை உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிறாய். குண்டு நடுவில் வந்ததும் காணாமல் போகிறது என்று எழுதியிருந்தாயே. ரோட்டில் எதெது காணாமல் போகிறது?

போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுடா. சண்டை போட மாட்டேன்.

அக்கா


ஓமாச்சி
நவம்பர் 9

அக்காவுக்கு,

போனை எடுக்கவில்லை, மன்னித்துக்கொள். உன் குரலைக் கேட்டால் பொய் சொல்ல வராது.

ஒரு கண்ணை மூடிப் பார் என்று எழுதியிருக்கிறாய். உன்னிடம் டிவி கேட்பதற்கு முன்பே மூடிப் பார்த்துவிட்டேன். கோடையில் ஒருநாள் ரோட்டின் நடுவில் இருக்கும் வெள்ளைக் கோடு ஓரிடத்தில் கிள்ளி எடுத்ததுபோல இருந்தது. பெயின்ட் அடித்தவன் குடித்துவிட்டு அடித்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வளைவிலும் அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து குளியலறை ஓடுகளைப் பார்த்தேன். வலது கண்ணை மூடினால் ஓடுகள் நெளிந்தன. இடது கண்ணை மூடினால் நேராக நின்றன. மூன்று நாள் குளிக்காமல் இருந்தேன்.

அப்போதுதான் டப்பா டிவி யோசனை வந்தது. நீ சிரிப்பாய், சிரி. குளியலறை பழசு, ஓடு பதித்தவன் சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நல்ல பெட்டியில், என் அக்கா பார்த்துப் பார்த்து எடுத்த பெட்டியில், கோடு நேராகத் தெரிந்துவிட்டால் என் கண்ணில் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். முதல் பெட்டி வந்தபோது அதன் முன்னால் உட்கார்ந்து போடும் முன் கும்பிட்டேன். வளைந்தது. டப்பா டிவி என்றால் கொஞ்சம் வளையத்தானே செய்யும் என்று இரண்டாவதுக்காகக் காத்திருந்தேன். உன் படம் வந்தபோது சந்தோஷப்பட்டேன் அக்கா, சத்தியமாக. ஸ்கேல் நெளிந்திருக்கிறது என்று எழுதும்போது அதை முழுசாக நம்பினேன். கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கும்போதுதான் அந்த நம்பிக்கை விட்டுப்போனது.

வலது கண் நன்றாக இருக்கிறது. இரண்டையும் திறந்து வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடுகிறேன். முன்னைவிட மெதுவாக ஓட்டுகிறேன், வழக்கத்தைவிட உரக்கச் சொல்லிக் காட்டுகிறேன். கண்ணில் கோளாறு என்று டிப்போவில் சொன்னால் அன்றைக்கே சாவியை வாங்கிவிடுவார்கள். பிறகு நான் என்ன? பயணிகள் தவறவிட்ட குடைகளை எண்ணி அலமாரியில் வைக்கிறவன். எனக்குக் கல்யாணமா, பிள்ளையா? காலையில் அந்தப் பெரிய ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போதுதான் நான் ஒரு ஆள்.

டாக்டரிடம் போகப் பயமாக இருக்கிறது. அப்பாவை அழைத்துக்கொண்டு போனது நான்தான், நீ அப்போது ஒசாகாவில் இருந்தாய். அந்த இருட்டு அறையில் டாக்டர் பேசப் பேச அப்பா என் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். வெளியே வந்தும் விடவில்லை. வீடு வரைக்கும் விடவில்லை. இசாமு என்றால் தைரியம் என்று ஆசையாகப் பெயர் வைத்தவர். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு நான் இப்படி எழுதுகிறேன்.

வசந்தத்தில் கம்பெனி மருத்துவப் பரிசோதனை வரும். அதுவரை விட்டுவிடு. யாரிடமும் சொல்லாதே. நீ இங்கே வராதே.

இசாமு


ஓமாச்சியிலிருந்து மத்சுமோத்தோ போகும் ரயிலில்
நவம்பர் 17

இசாமு,

வராதே என்று எழுதினாய். வந்தேன்.

உன்னிடம் நேரில் பேசத்தான் வந்தேன். ஓமாச்சி நிலையத்தில் இறங்கியபோது உன் பஸ் நின்றுகொண்டிருந்தது. குளிருக்கு முகக்கவசமும் தொப்பியும் போட்டிருந்ததால் உனக்கு அடையாளம் தெரியவில்லை. அல்லது உனக்குத் தெரியவே இல்லையோ என்னவோ, அதை நினைக்க எனக்கு வேண்டாம். உனக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்தேன். முதலில் நீ எப்படி ஓட்டுகிறாய் என்று பார்ப்போம், நன்றாக ஓட்டினால் இவ்வளவு பயப்பட வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ டிவி வாங்கியதற்கும் நான் பஸ் ஏறியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நன்றாகத்தான் ஓட்டினாய். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெள்ளைக் கையுறை போட்ட கை உயர்ந்தது. "இடது சரி, வலது சரி, முன்னால் சரி." உன் குரலைக் கேட்கக் கேட்க எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தோஃபு கடையை ஒட்டி ஒரு சின்னக் குறுக்குச் சாலை வந்தது, பஸ்ஸை நிறுத்தினாய். சாய்ந்த வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்கத் தொடங்கியிருந்தார், சைக்கிளின் முன்கூடையில் வெங்காயத்தாள் கட்டு. நீ பிரேக்கைத் தளர்த்தினாய். கையை உயர்த்தி விரலை நீட்டினாய். உன் விரல் நுனியில் அந்த மனிதர் இருந்தார், இசாமு. நீ அவரைத்தான் காட்டினாய். காட்டிக்கொண்டே, "முன்னால் சரி," என்றாய்.

நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவ்வளவு பெரிய சத்தம் என்னிடம் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. நீ பிரேக்கை மிதித்தாய். பின்னால் யாருடைய பையிலிருந்தோ ஆப்பிள்கள் உருண்டு முன்னால் வந்தன. அந்த மனிதர் சைக்கிளோடு விழுந்து, எழுந்து, தன் மேல்தான் தவறு என்பதுபோல உன்னைப் பார்த்துத் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீயும் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தாய். பிறகு பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் என்னைப் பார்த்தாய்.

அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். உன்மேல் கோபம் என்று நினைக்காதே. உன் முகத்தை நேரில் பார்த்தால் வசந்தம் வரை பொறுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம்தான்.

இந்தக் கடிதத்தை மத்சுமோத்தோவில் விரைவு அஞ்சலில் போடுகிறேன், நாளை உன் கைக்கு வரும். நீ டிப்போவில் சொல்லிவிடு. நாளை மாலை நான் அங்கே போன் செய்து கேட்பேன், நீ சொல்லவில்லை என்றால் நானே சொல்வேன். அதற்கப்புறம் நீ என்னோடு பேசாமல் போகலாம். தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்று எழுதலாம். அதற்கும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கண்ணை மூடினால் அந்த வெங்காயத்தாள் கட்டுதான் தெரிகிறது.

அக்கா


ஓமாச்சி
நவம்பர் 26

அக்காவுக்கு,

நீ போன் செய்தபோது எங்கள் டிப்போ அதிகாரி குரோய்வா ஐயா, "உங்க தம்பி காலையிலயே சொல்லிட்டாரும்மா," என்று சொல்லியிருப்பார். அது உண்மைதான், ஆனால் முழு உண்மை இல்லை. மிச்சத்தை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு நாளும் வண்டி எடுக்கும் முன் அவர் மேஜைக்கு எதிரில் நிற்போம். குழாயில் ஊதிக் காட்டுவோம், மது இல்லை என்று தெரியும். அவர், "உடம்பு எப்படி?" என்பார். நாங்கள், "கோளாறு ஏதும் இல்லை," என்போம். வேறு பதில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அன்று காலை உன் கடிதம் இன்னும் வரவில்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. அதற்கு முந்தைய இரவு முழுக்க நீ கத்திய என் பெயர்தான் காதில் இருந்தது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். அவர் கேட்டார். என் வாய் தானாக, "கோளாறு ஏதும் இல்லை," என்றது.

அக்கா, நான் சாவியை வாங்கிக்கொண்டேன். வண்டி வரை நடந்தேன். படியில் கால் வைத்தேன். பிரேக் விளக்கு, டயர் எல்லாவற்றையும் விரலால் காட்டிச் சொல்லிப் பார்க்க வேண்டும் அல்லவா? விரலை நீட்டினேன். என் விரலைப் பார்த்தே எனக்குப் பயம் வந்துவிட்டது. அது எதை வேண்டுமானாலும் காட்டும், என் வாய் சரி என்று சொல்லும்.

திரும்பிப் போனேன். "ஐயா, இருக்கு. கோளாறு இருக்கு," என்றேன். குரோய்வா ஐயா உள்ளங்கையை நீட்டினார். சாவியை வைத்தேன். அவர்தான் தன் காரில் மத்சுமோத்தோ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வழியில் ஒரே ஒரு முறை, "எப்பலேருந்துய்யா?" என்றார். கோடையிலிருந்து என்றேன். மீதி வழியெல்லாம் அந்தக் கோடை முழுவதையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

டாக்டர் அம்மா முதலில் ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்ட கட்டம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடுவைப் பாருங்கள் என்றார். நீ வைத்த சோதனை வட்டின் அதே படம். என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன், அப்படியே அழுகையும் வந்துவிட்டது.

கிட்டப்பார்வை ரொம்ப அதிகமாக இருப்பவர்களுக்குக் கண்ணுக்குப் பின்னால் வேண்டாத ரத்தக் குழாய் முளைத்துக் கசியுமாம். இடது கண்ணில் அது தழும்பாகிவிட்டது. கோடையிலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. போனது போனதுதான். வலது கண்ணிலும் முளைக்கத் தொடங்கியிருக்கிறது. நான் நன்றாக இருக்கிறது என்று உனக்கு எழுதினேனே, அதே கண். அதைக் காப்பாற்றலாம் என்கிறார். காப்பாற்ற ஊசி போட வேண்டும். எங்கே என்று நினைக்கிறாய், கண்ணுக்குள்ளேதான். முதல் ஊசி போட்டாகிவிட்டது. வலி குறைவுதான், ஆனால் ஊசி வருவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணை மூட முடியாது. அதைச் சொல்லி விளக்க எனக்குத் தெரியவில்லை.

இனி பஸ் இல்லை. குடைகள்தான். குரோய்வா ஐயா அதைச் சொல்லும்போது என்னைவிட அவர்தான் கஷ்டப்பட்டார்.

அடுத்த ஊசி டிசம்பர் நடுவில். அதற்குத் தனியாகப் போக முடியும் என்று தோன்றவில்லை. பகலில் கொஞ்சம் தைரியமாக இருக்கிறேன், இரவில் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தால் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். இது குடும்பத்தில் வரும், கூடப் பிறந்தவர்களும் காட்டிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அம்மா சொன்னார். அதை உனக்கு எழுத மூன்று நாள் யோசித்தேன். வரிகள் ஏறி இறங்கி இருக்கும், பொறுத்துக்கொள்.

வராதே என்று எழுதியதை அடித்துவிடு.

இசாமு


ஒசாகா
டிசம்பர் 2

இசாமுவுக்கு,

கடையில் விடுப்புச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை ரயில். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்து சேர்ந்துவிடுவேன், பிறகு எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தபாலில் வரட்டும். வந்ததும் நானே உனக்குப் படித்துக் காட்டுகிறேன், அப்போது காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம்.

ஊசி போடும்போது உன் கையை நான் பிடித்துக்கொள்கிறேன். அறைக்குள் விட மாட்டோம் என்றால் கதவுக்கு வெளியே நின்று உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பேன். சத்தம் போட எனக்கு இப்போது பழகிவிட்டது.

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஒரு பெட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டுப் படம் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கோடும் நேராக இருந்தது. வருஷக்கணக்காக நான் பார்க்கும் படம்தான், எப்போதும் இரண்டு கண்ணாலும் பார்த்திருக்கிறேன். நானும் அதே சோடாபுட்டி. உள்ளங்கையை எடுத்து வலது கண்ணின் மேல் வைத்தேன். ஹத்தா பார்த்துக்கொண்டிருந்தார். உடனே இடது கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன். இருட்டில் அப்படியே நின்றேன், பிறகு கையை எடுத்துவிட்டு டிவியை அணைத்துவிட்டேன்.

நேற்றும் முயன்று பார்த்தேன், முடியவில்லை. உனக்கு மட்டும் எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன், ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்ற கண்ணால் பார் என்று.

உன் ஊசி முடிந்ததும் அந்த டாக்டர் அம்மாவிடம் அட்டையைக் கேட்டு வாங்கு. நீ என் பக்கத்தில் உட்கார்ந்துகொள். அப்போது மூடிப் பார்க்கிறேன்.

அக்கா